சதைதான்க்கா, ஒண்ணும் பண்ணாது

சிதம்பரத்தில் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் டாக்டர் இல்லை. கண் பரிசோதனைக்கு டிப்ளமா படித்தவன். எழுத்துப் பலகையைக் காட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்டுப் பவர் எழுதிக் கொடுப்பேன். எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். ஆனால் டாக்டர் என்று கூப்பிட்ட யாரையும் நான் திருத்தினதில்லை. காதுக்கு நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன்.

என்னை டாக்டர் ஆக்கியதில் பெரும்பங்கு என் அக்காவுக்கு. என்னைவிட ஆறு வயது மூத்தவள், பண்ருட்டிப் பக்கம் காடாம்புலியூரில் வாழ்க்கைப்பட்டவள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கண்ணைக் கசக்கினால் போதும், 'சிதம்பரத்துல என் தம்பி கண்ணு டாக்டரு' என்று ஆரம்பித்துவிடுவாள். பண்ருட்டியில் எத்தனையோ கண்ணாடிக் கடை இருக்க, அங்கிருந்து என்னைத் தேடிச் சிதம்பரம் வரைக்கும் ஆட்கள் வந்தார்கள் என்றால் அது அவள் வாய் செய்த வேலை.

எங்கள் பக்கத்தில் கண்ணின் வெள்ளையில் எது முளைத்தாலும் அதற்கு ஒரே பேர்தான், சதை. வெயிலில் கிடந்து வேலை செய்கிறவர்களுக்கு மூக்கோரத்திலிருந்து கருவிழியைப் பார்த்து மெல்ல ஊர்ந்து வரும். பெரும்பாலும் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். வாரத்துக்கு நாலு பேருக்காவது டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, 'சதைதான், ஒண்ணும் பண்ணாது' என்று சொல்லி அனுப்புவேன். சொன்னதும் அவர்கள் முகம் தெளியும். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஒரு டாக்டருக்கு வேறு என்ன வேண்டும்?

அக்கா வந்தது முந்திரி சீசன் முடிந்த கையோடு. மூன்று மாதம் தோப்பில் வெயிலோடு வெயிலாகக் கிடந்து கறுத்திருந்தாள். ஒரு பலாப்பழத்தைக் கோணியில் கட்டி, ரெண்டு பஸ் மாறித் தூக்கிக்கொண்டு வந்து, கடை வாசலில் இறக்கினாள். உள்ளே ஒரு ரிட்டயர்டு வாத்தியார் மூன்றாவது தடவையாக லென்ஸ் சரியில்லை என்று சண்டைக்கு நின்றிருந்தார்.

"தம்பி, இதக் கொஞ்சம் பாரேன். வலது கண்ணுல வெள்ளையா என்னமோ இருக்குது. ஒரே உறுத்தல்."

கட்டைவிரலால் இமையைத் தூக்கி டார்ச் அடித்தேன். மூக்குப் பக்கம் இல்லை, காதுப் பக்கம் இருந்தது. வழவழப்பாக இல்லை, ரவையை ஒட்டி வைத்தது மாதிரி ஒரு திட்டு. அதைப் பார்த்துத் தடியாக ஒரு ரத்தக்குழாய் ஓடியது. இதையெல்லாம் பிறகு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டேன் என்றால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும். அன்றைக்கே பார்த்தேன். இது வேற மாதிரி இருக்கே என்று ஒரு நினைப்பும் ஓடியது. அதற்குள் வாத்தியார், "தம்பி, நான் எவ்வளவு நேரம் நிக்கிறது?" என்றார்.

"சதைதான்க்கா, ஒண்ணும் பண்ணாது" என்றேன். அலமாரியிலிருந்து ஒரு சொட்டு மருந்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். அவள் முகம் தெளிந்தது. பலாப்பழத்தை எப்படி வெட்டவேண்டும் என்று, அதைத் தின்றே வளர்ந்த எனக்குப் பாடம் நடத்திவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

ஆவணியில் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். தானே எடுத்தது. பாதி மூக்கும் கொஞ்சம் கண்ணுமாகக் கோணலாக இருந்தது. நான் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. 'அதேதான்க்கா, மருந்தை விடாமப் போடு' என்று இடது கையால் தட்டி அனுப்பினேன். அவள் ஒரு கும்பிடு போட்டாள். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. இப்போது எத்தனையோ தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். கோணலாக இருந்தாலும் தெரிய வேண்டியது நன்றாகத்தான் தெரிகிறது.

தை பிறந்ததும் கண்ணிலிருந்து ரத்தம் கசிந்தது. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், அவளைக் கடலூருக்கு ஒரு கண் டாக்டரிடம் அழைத்துப்போனார். டாக்டர் அந்தத் திட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிவிட்டு, ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். முடிவு சொல்கிற அன்றைக்கு, "மச்சான், எங்களுக்கு என்னா புரியும், நீ வந்துடு" என்று மாமா போன் செய்தார். கடையைப் பூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. இது கேன்சர், கண்ணுக்குள்ளேயே இறங்கிவிட்டது, கண்ணை எடுத்தால்தான் உயிருக்குப் பயமில்லை என்றார். பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவதாகச் சொன்னார். பிறகு அக்காவைப் பார்த்து, "எத்தனை மாசமா இருக்கு? ஆரம்பத்துலயே வந்திருந்தா சின்னதா வெட்டி எடுத்துட்டு, சொட்டு மருந்துலயே முடிச்சிருக்கலாமேம்மா. யார்கிட்டயுமே காட்டலயா?" என்று கேட்டார்.

நான் அக்காவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"இல்ல டாக்டர். தோப்பு வேல ஜாஸ்தி. மெடிக்கல்ல கேட்டு மருந்து வாங்கிப் போட்டேன். நாந்தான் கவனிக்காம வுட்டுட்டேன்."

தடுமாறாமல் சொன்னாள். திரும்பி என்னைப் பார்க்கவும் இல்லை. எனக்கு அந்த நிமிஷம் என்ன தோன்றியது என்று எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது. அக்காவின் கண் போகப்போகிறதே என்று அல்ல. தப்பித்தோம் என்று தோன்றியது. அடுத்த மூச்சில் அழுகை வந்தது, அது வேறு. முதலில் வந்தது அந்தத் 'தப்பித்தோம்'தான்.

வெளியே வராந்தாவில் மாமா அவளைப் பிடித்துக்கொண்டார். அவர் கோபக்காரர் இல்லை. பயந்துபோயிருந்தார், அதனால் கத்தினார். "கூடப் பொறந்தவன் கண்ணு டாக்டரு. ஊருக்கெல்லாம் சொல்லத் தெரியுது, உங்கண்ண ஒருதரம் அவன்கிட்ட காட்டத் தெரியல? மச்சான் பாத்திருந்தா அன்னிக்கே புடிச்சிருப்பான்."

"தோணலங்க" என்றாள் அக்கா.

சுவரில் கண்தானம் பற்றி ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. அதை நான் மூன்று முறை படித்தேன். மாமா இன்னும் கத்திக்கொண்டிருந்தார், போகிறவர் வருகிறவரெல்லாம் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். 'மாமா, என்கிட்ட காட்டினாங்க' என்று சொல்ல மூன்றே வார்த்தை போதும். மூன்று வார்த்தை வரவில்லை. "விடுங்க மாமா, ஆனது ஆயிப்போச்சு" என்றேன். பெரிய மனுஷன் மாதிரி சமாதானம் வேறு.

பாண்டிச்சேரியில் ஆபரேஷனுக்கு முன்னால் ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். மாமா அதை வாங்கி அப்படியே என்னிடம் கொடுத்தார். "நீ படிச்சிட்டு சரின்னு சொல்லு மச்சான், நான் போடுறேன்." படித்தேன். வலது கண் என்று எழுதியிருந்தது. "போடுங்க மாமா" என்றேன். என் பேச்சைக் கேட்டுத்தான் கண் போனது, அதை எடுக்கவும் என் பேச்சையே கேட்டார்கள்.

அக்காவின் வலது புருவத்துக்கு மேல் பேனாவால் ஒரு அம்புக்குறி போட்டிருந்தார்கள், கண் மாறிவிடக் கூடாது என்று. "என்னாடா, மாட்டுச் சந்தையில போட்ட மாதிரி போட்டிருக்காங்க" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "உனக்கு மூஞ்சி ஏன் இப்டி இருக்கு? எனக்குத்தான ஆபரேசன்" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கைதான் சில்லென்று இருந்தது.

கேன்சர் வேறெங்கும் பரவவில்லை என்று சொன்னார்கள். காயம் ஆறி, சில வாரம் கழித்துச் செயற்கைக் கண் பொருத்தினார்கள். இடது கண்ணின் நிறத்தைப் பார்த்துச் செய்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கிட்டத்தில் பார்த்தால், இடது கண் திரும்பும்போது அது திரும்புவதில்லை என்பது தெரியும்.

நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் காடாம்புலியூர் போக ஆரம்பித்தேன். முன்பெல்லாம் வருஷத்துக்கு மூன்று தடவை போனால் அதிகம். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் கணக்குத் தெரியாது என்று நான் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அது இன்னது என்று அக்கா வீட்டுச் சமையலறையில்தான் பார்த்தேன். டம்ளருக்குப் பக்கத்தில் டீயை ஊற்றுவாள். ஊற்றிவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் முந்தானையால் துடைப்பாள். குழம்புக் கரண்டி தட்டின் விளிம்பில் இடிக்கும். அடுத்த முந்திரி சீசனில், பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுக்கப் போன விரல்கள் காற்றைத் திருகின. கூட வேலை செய்த பொம்பளைகள் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

மாமா அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார் என்றே சொல்லவேண்டும். ஆனால் வருகிற விருந்தாளி ஒவ்வொருவரிடமும் அந்தக் கதையை முதலிலிருந்து சொல்வார். முடிக்கும்போது, "எட்டு மாசம் வாயத் தொறக்கலீங்க இவ. அசால்ட்டு" என்பார். விருந்தாளிகள் அக்காவைப் பார்த்து, "ஏம்மா இப்படி?" என்பார்கள். அவள், "என்னா பண்றது, புத்தியில்ல" என்பாள். நான் அதே அறையில் அவள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருப்பேன்.

எத்தனை தரம் அதைக் கேட்க முடியும்? கடையில் என் வசனத்தை நிறுத்திவிட்டேன். யார் கண்ணில் எது முளைத்திருந்தாலும், 'நான் டாக்டர் இல்லைங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க' என்று சொல்லி அனுப்புகிறேன். நல்ல காரியம்தான். ஆனால் குடிகாடு கிராமத்திலிருந்து வந்த யாரோ ஒருவரை ஒழுங்காக டாக்டரிடம் அனுப்பினால் அக்காவுக்கு என்ன வந்தது? இதை எழுதுவதும் அந்த ரகம்தான். மாமா பேப்பரில் முந்திரி விலையைத் தவிர எதையும் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் அக்காவும் மாமாவும் சிதம்பரம் வந்தார்கள். மிச்சமிருக்கிற ஒரு கண்ணைக் காப்பாற்ற எளிதில் உடையாத லென்ஸ் போட்டு அவளுக்கு ஒரு கண்ணாடி செய்திருந்தேன். இடது பக்கம் பவர், வலது பக்கம் வெறும் பிளெயின். செயற்கைக் கண் திரும்பாதது தெரியாமலிருக்க, ரெண்டுக்கும் லேசாக நிறம் கொடுத்திருந்தேன். மாமா கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினார். கடையில் அன்று வேறு யாரும் இல்லை.

கண்ணாடியை மாட்டிவிட்டேன். அவள் ஆள் உயரக் கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "பரவால்ல, டீச்சர் மாதிரி இருக்கேன்" என்றாள்.

"அக்கா, இன்னிக்கு மாமா வந்ததும் சொல்லிடப்போறேன்."

எதை என்று அவள் கேட்கவில்லை.

"நீ என்கிட்ட ரெண்டு தரம் காட்டின. நான்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன். அவரு உன்னத் திட்டறத என்னால உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்க முடியலக்கா. தூக்கம் வரல."

அவள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். மன்னிப்பாள் என்றும் நினைத்தேன், பொய் சொல்வானேன். அதற்குத்தான் காத்திருந்தேன்.

"சொல்லு" என்றாள். "சொன்னா உனக்கு லேசாப் பூடும். நிம்மதியாத் தூங்குவ. எனக்கு?"

நான் லென்ஸ் துடைக்கிற துணியை எடுத்து மடித்தேன்.

"அந்த மனுசன் அப்பறம் உன் வாசப்படி மிதிப்பாரா? என்னத்தான் மிதிக்க வுடுவாரா? அம்மா அப்பா இல்ல. எனக்குப் பொறந்த ஊடுன்னா நீ ஒருத்தன். கண்ணுதான் போச்சு, தம்பி வீடும் போவணுமா?" குரலை உயர்த்தவே இல்லை. "எனக்குக் கோவம் இல்லன்னு நெனச்சிக்காத. அன்னிக்கு நீ அந்த வாத்தியாரப் பாத்துக்கினே எனக்குச் சொன்ன. என்னப் பாக்கல. அது எனக்குத் தெரியும். டெய்லி அந்த முழியக் கழட்டிக் கழுவும்போது நெனச்சிக்கிறேன். திட்டறவரு திட்டிட்டுப் போறாரு, நான் வாங்கிக்கிறேன். நீ இத வச்சிக்கிட்டு இரு. உன்னாலயும் ஒண்ணு சொமக்க முடியும்."

அவளை நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. டாக்டர் முன்னால் அவள் பொய் சொன்னது என்மீது உள்ள பாசத்தினால் என்றுதான் இத்தனை நாளும் நினைத்து உருகிக்கொண்டிருந்தேன். பாசமும் இருந்திருக்கும். ஆனால் கேன்சர் என்று கேட்ட அந்த நிமிஷத்திலேயே, எது போகும், எதைக் காப்பாற்றலாம் என்று அவள் பார்த்திருக்கிறாள். நான் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்த அதே நிமிஷத்தில்.

செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. மாமா திருநீற்றுப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னா, அக்காவும் தம்பியும் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்கீங்க? கண்ணாடி சரியில்லயா?"

"மூக்குல கொஞ்சம் அழுத்துதுங்க" என்றாள் அக்கா. "அதான் சரி பண்ணித் தரச் சொன்னேன்."

கண்ணாடியை என்னிடம் நீட்டினாள். அது எங்கும் அழுத்தவில்லை, நானே பார்த்துப் பார்த்து வளைத்தது. வாங்கிக்கொண்டேன். மாமா பார்த்துக்கொண்டிருக்க, சின்னக் குறடை எடுத்து மூக்குத் தாங்கியைத் தேவையில்லாமல் ஒரு பக்கம் வளைத்து, மறுபடி பழையபடிக்கே நிமிர்த்தினேன். துணியால் துடைத்து அவள் முகத்தில் மாட்டினேன்.

"இப்ப எப்டிக்கா இருக்கு?"

"இப்ப அழுத்தல" என்றாள், மாமாவைப் பார்த்து.