தனபாக்கியம் அக்காவின் கை அளவு

தனபாக்கியம் அக்கா இறந்துவிட்டார். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தர்மபுரியில் ஓர் ஆஸ்பத்திரியில், சிறுநீரகம் கைவிட்டதால். என் பேட்டரிக் கடையில் ஒரு லாரிக்காரருக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அக்காவின் தம்பி முருகேசன் வாத்தியார் போன் செய்தார். "அக்கா போயிருச்சுங்க" என்றார். லாரிக்காரர் பில்லுக்குக் கையை நீட்டியபடியே நின்றிருந்தார்.

அரூரில் நிலம் வாங்கியவர், விற்றவர், பாகம் பிரித்தவர் யாருக்கும் அக்காவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பதிவு அலுவலகத்துக்கு எதிரே முப்பது வருடம் பத்திரம் எழுதியவர். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பியவர். வெள்ளை நிறச் சின்னக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு காலை ஒன்பதரைக்கு வந்து இறங்குவார். அந்தக் காரை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதற்குள் என்ன இருந்தது என்பது அரூரில் எனக்கும் அவருக்கும் மட்டும் நன்றாகத் தெரியும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அதில் என் தப்பும் இருக்கிறது.

காலால் ஓட்டுவதைக் கையால் ஓட்டும்படி மாற்றிய கார் அது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கைப்பிடி. இழுத்தால் ஓடும், தள்ளினால் நிற்கும். எவ்வளவு இழுத்தால் எவ்வளவு வேகம் என்பதை ஒரு சின்னக் கருப்பு டப்பா நினைவில் வைத்திருக்கும். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தன் பட்டறையில் செய்து, அக்காவின் கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அளவு சேர்த்தது.

முதல் முறை பேட்டரி போனபோது என்னைக் கூப்பிட்டார். ஆசிட் கேன் சுமந்து தொழிலுக்கு வந்தவன் நான். அன்றைக்கு எனக்கு இரண்டு ஷட்டர் கடை, வாயும் அதற்கேற்ற நீளம். தீர்த்தமலை ரோட்டில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனதும் பானெட்டைத் தூக்கினேன்.

"ஒயரக் கழட்டுனா உள்ள இருக்கறது எதுவும் அழிஞ்சுறாதுங்களே?" என்று கேட்டார்.

"கடிகாரம் மட்டும் மாறும் அக்கா. நானே திருப்பி வெச்சுக் குடுத்துர்றேன்."

பத்தே நிமிடத்தில் பழையதை எடுத்துப் புதியதை மாட்டினேன். கடிகாரத்தையும் சரிசெய்தேன். பணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை அக்கா வழக்கம்போலக் கைப்பிடியை இழுத்திருக்கிறார். வண்டி ஒரே பாய்ச்சலாகப் போய்க் கேட்டுத் தூணில் மோதியது. அவருக்கு அடி இல்லை. டப்பாவில் இருந்த கை அளவு மின்சாரம் நின்ற அந்தப் பத்து நிமிடத்தில் அழிந்துபோயிருந்தது. அதைத் திரும்பச் சேர்க்கத் தெரிந்தவர் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர்தான். அவர் வெளியூர் போயிருந்தார். வந்து சேரப் பத்தொன்பது நாள் ஆனது.

அந்தப் பத்தொன்பது நாளில் பெரும்பகுதி அக்கா வீட்டுக்குள்தான் இருந்தார். பஸ் படி அவருக்கு இடுப்பு உயரம். ஆட்டோவில் ஏற ஒருவர் தூக்கிவிட வேண்டும், அதை அவர் சாகும்வரை யாருக்கும் அனுமதித்ததில்லை. என் காரையும் டிரைவரையும் அனுப்பினேன். மூன்று நாள் அதில் வேலைக்குப் போய்வந்தார், நான்காம் நாள் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். என்ன குறை என்று கேட்கப் போனேன்.

"உங்க கார்ல போறேன். உங்க நேரத்துக்குப் போறேன். உங்க டிரைவர் சோறு தின்னு எந்திரிச்சப்புறம் வூட்டுக்கு வர்றேன். கதவு தொறந்துதான் இருக்குது முதலாளி. ஆனா நான் போறதில்ல, என்னக் கொண்டு போறாங்க."

என்மேல் கோபம் வந்தால் முதலாளி என்பார். கோபம் இல்லாத நாளில் தம்பி.

அன்று வெளியே வந்தபோது வாத்தியார் என்னை வாசலில் நிறுத்தினார். கெட்ட மனிதர் இல்லை. அக்கா மேல் உயிர். சம்பாதித்தது போதும், இனி வீட்டோடு இருக்கட்டும், காரை விற்றுவிடலாம், இந்த முறை தூணோடு போனது, அடுத்த முறை ஆள் தப்பிக்காது, நீங்கள் சொன்னால் கேட்பார் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை அவர் கையில் எடுத்துக் கொடுத்ததே நான்தான். அக்கா ஒருமுறை வீட்டோடு உட்கார்ந்தால் பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதும் மேசை போய்விடும். மேசை போனால் மறுபடி வெளியே வரக் காரணம் இருக்காது. ஏற்கெனவே வாடிக்கையாளர் பாதிப் பேர் அடுத்த எழுத்தரிடம் போயிருந்தார்கள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்னப் பத்தி ரெண்டு ஆம்பளைங்க வாசல்ல நின்னு பத்திரம் எழுதறீங்களா? சாட்சி யாரு?"

வாத்தியார் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை. வண்டி இன்னொரு முறை இப்படி நின்றால் விற்றுவிடுவது என்று அக்காவிடமே ஒப்புதல் வாங்கிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

கோயம்புத்தூர்க்காரர் வந்து அளவு சேர்த்தார். அவரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டு வழி தெரிந்துகொண்டேன். பழைய பேட்டரியைக் கழற்றும் முன்பே இன்னொரு பேட்டரியைப் பக்கத்தில் வைத்து, வண்டியின் ஒயர் முனைகளோடு கிளிப் போட்டு இணைத்துவிட வேண்டும். சிவப்புக்குச் சிவப்பு, கருப்புக்குக் கருப்பு. மாற்றும் நேரம் முழுக்க வண்டிக்கு அதிலிருந்து மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். கழற்றிய சிவப்பு முனையில் உயிர் இருக்கும், வண்டி இரும்பில் பட்டுவிடாமல் சைக்கிள் டியூப் சுற்றி வைக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். என் காரிலேயே மூன்று முறை செய்து பார்த்தேன். கடிகாரம் மாறவில்லை.

அக்காவிடம் சொன்னேன். ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் பத்திர நடையிலேயே எழுதினார். அடுத்த பேட்டரிக்கு நானே வர வேண்டும். வீட்டில் வைத்துத்தான் மாற்ற வேண்டும். அவர் வண்டிக்குள் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். விலையில் ஒரு ரூபாய் குறைக்கக் கூடாது. கடைசியை ஏன் என்று கேட்டேன்.

"கொறச்சீங்கன்னா அப்புறம் நான் வாயத் தொறந்து எதும் கேக்க முடியாது."

மூன்று வருடம் கழித்து அந்த நாள் வந்தது. ஒரு மத்தியானம், வாத்தியார் பள்ளிக்கூடத்தில். வீட்டில் வேறு யாரும் இல்லை. பக்கத்தில் பேட்டரி வைத்தேன், கிளிப் மாட்டினேன், பழையதைத் தூக்கிக் கீழே இறக்கினேன். "ஓடுது தம்பி" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் கருப்புக் கிளிப் வழுக்க ஆரம்பித்தது. கடையில் புதுக் கிளிப் பெட்டி பெட்டியாக இருந்தது. விற்கிற சரக்கை எதற்குப் பிரிப்பது என்று ஸ்பிரிங் தளர்ந்த பழசை எடுத்து வந்திருந்தேன். வலது கையால் அதை ஒயர் முனையோடு அழுத்திப் பிடித்தேன். இடது கையில் டியூப் சுற்றிய சிவப்பு முனை, விட்டால் டியூப் நழுவி இரும்பில் படும். புதுப் பேட்டரி காலடியில் கிடக்கிறது. எடுக்கக் கை இல்லை. விட்டால் டப்பா அழியும். டப்பா அழிந்தால் கார் போகும். கார் போனால் அக்கா உள்ளே.

"அக்கா, என்னால நகர முடியல" என்றேன்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு கையால் ஊன்றுகோல், ஒரு கையால் வண்டியின் உடம்பைப் பிடித்தபடி முன்பக்கம் வந்தார். என் நிலைமையைப் பார்த்தார். அவசரப்படவில்லை.

"இப்பத் தெரியுதுங்களா, எப்பிடி இருக்கும்னு?"

எனக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக்கூட முடியவில்லை.

ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு, பம்பரில் முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்தார். பேட்டரியை மடிக்கு இழுத்தார். சின்ன வயதிலிருந்து உடம்பையே கையால் சுமந்தவர். இடது கையால் கிரில்லைப் பற்றிக்கொண்டு எழுந்து, வலது கையால் பேட்டரியைப் பிடியோடு தூக்கி வைத்தார். முனை மாறி வைத்துவிட்டார். சிவப்பு அந்தப் பக்கம் என்றேன். முணுமுணுத்தபடி திருப்பினார். நான் முதலில் சிவப்பை மாட்டினேன், பிறகு கருப்பை. கையை எடுத்தேன். விரல் நிமிர மறுத்தது. அவர் சுற்றிப் போய் உட்கார்ந்து, கைப்பிடியை மெதுவாக இழுத்தார். வண்டி கேட்டைத் தாண்டி அடக்கமாக நின்றது.

"விலைய முழுசா வாங்கிக்குங்க. கூலியில பாதி எனக்கு."

கொடுத்தேன். எண்ணி வாங்கிக்கொண்டார்.

போன மாதம் அக்காவின் காரியம் முடிந்து வாத்தியார் கூப்பிட்டார். வண்டி வாசலில் நிற்பதைப் பார்த்தால் அக்கா உள்ளே இருப்பது போலவே இருக்கிறது, எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார். சேலத்துத் தரகர் ஒருவர் கைப்பிடியைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரண வண்டியாக விற்கக் கேட்டாராம். எனக்கு மனம் ஒப்பவில்லை. இண்டூரில் ரேஷன் கடையில் வேலை செய்யும் சரளா என்பவர் இப்படி ஒரு வண்டியைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கும் கால் வராது. வந்தார், உட்கார்ந்தார், கைப்பிடியை இழுத்துப் பார்த்தார்.

"எனக்கு இது கனமா இருக்குதுங்க."

அது அக்காவின் கை. இவருக்குப் புதிதாக அளவு சேர்க்க வேண்டும். அதற்கு முதலில் பழையது அழிய வேண்டும். பேட்டரி ஒயரைக் கழற்றட்டுமா என்று வாத்தியாரிடம் கேட்டேன். சரி என்று தலையசைத்தார். பக்கத்தில் பேட்டரி எதுவும் வைக்காமல் கருப்பு முனையை எடுத்தேன். கடிகாரம் அணைந்தது. அரை மணி நேரம் மூவரும் அங்கேயே நின்றோம்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது ஒரு கேள்வி. யார் வண்டியில் கை வைத்தாலும் இப்போது முதலில் கேட்கிறேன்: இது ஒரு வாரம் நின்றால் உங்களுக்கு என்ன நிற்கும்? பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் சொல்கிற பதிலில்தான் என் வேலை இருக்கிறது.

சரளாவோடு பேசி முடித்தது இது: வண்டி ஒரு லட்சத்து அறுபதாயிரம். பாதி கையில், மீதி பெயர் மாறிய அன்று. கோயம்புத்தூர்க்காரர் வந்துபோகும் செலவு வாத்தியாருடையது. தரகு எனக்கு வேண்டாம். பேட்டரி மட்டும் என் கடையில் வாங்க வேண்டும், முழு விலைக்கு.