வசந்தாவின் மூக்குக்கண்ணாடி

1. கதை நேரம்

ஸ்ரீரங்கம் கிளை நூலகத்தில் சனிக்கிழமைக் கதை நேரம் என்னுடையது. சிங்கமாக உறுமுவேன், கிழவியாக இருமுவேன். பிள்ளைகள் வராண்டா வரை உட்கார்ந்திருப்பார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி, "டிவியெல்லாம் தோத்துடும் போங்க மேடம்" என்றார். அந்தப் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் லால்குடியிலிருந்து வசந்தா மாற்றலாகி வந்து, புத்தகம் கொடுத்து வாங்கும் இஷ்யூ கவுண்டரில் உட்கார்ந்தாள். கரகரத்த குரல், கதை சொல்லவே வராது. ஆனாலும் கதை முடிந்ததும் பிள்ளைகள் அவளைத்தான் மொய்த்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நாசூக்காகச் சொல்ல ஒன்றுமில்லை, பொறாமைதான்.

2. காவ்யா

காவ்யா மூன்றாம் வகுப்பு. அவளுடைய தாய் அம்மா மண்டபம் ரோட்டில் தையல் கடை வைத்திருந்தார். "எழுத்துக் கூட்டிப் படிக்கவே மாட்டேங்குறா. க்ளாஸ்ல வாயே தொறக்கறதில்லையாம். நீங்கதான் பாத்துக்கணும்" என்று என்னிடம் ஒப்படைத்தார். வசந்தாவிடம் அல்ல, என்னிடம்.

காவ்யா முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பாள். கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்வாள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் என்னிடமே நீட்டுவாள். "நீங்களே படிங்க மேடம். நீங்க படிச்சாதான் நல்லா இருக்கு." எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். படித்துவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை கவுண்டர் பக்கம் அவள் குரல் கேட்டது. வசந்தா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியலடி. இது என்ன புக்குன்னு பாத்துச் சொல்லு, கம்ப்யூட்டர்ல ஏத்தணும்" என்றாள்.

காவ்யா விரலை வைத்துக் கூட்டினாள். "யா... னைக்... குச்... சளி." அதற்குள் பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது. வசந்தா அவசரப்படுத்தவில்லை.

"அப்பாடா! யானைக்குச் சளி எப்படிப் போச்சுன்னு அடுத்த வாரம் வந்து படிச்சுக் காட்டு."

கூட்டம் கலைந்ததும், "கண்ணாடி உன் பைலதானே இருக்கு?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. பசங்க போற வரைக்கும் அங்கயே கிடக்கட்டும்."

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நானே படித்துக் காட்டிக்கொண்டிருந்ததில் அந்தப் பெண்ணுக்குப் படிக்கும் அவசியமே வரவில்லை. அதன் பிறகு வசந்தாவிடம் வாராவாரம் படித்துக் காட்டினாள்.

3. தொண்டை கட்டிய நாள்

சில வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை, சிங்கம் குகைக்குள் நுழைந்த இடத்தில் கதையை நிறுத்திப் புத்தகத்தை நீட்டினேன். "தொண்டை கட்டிக்கிச்சு. காவ்யா, மீதிய நீ படிடா."

அவள் விரலை வைத்துக் கூட்டினாள். ஒரு வரிக்கு அத்தனை நேரம் எடுத்தாள். நடுவில் உறும எனக்கு நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். சிங்கம் வெளியே வருமா என்று தெரியாமல் ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. கடைசி வரி வரை படித்துவிட்டாள். கைதட்டல் வராண்டா வரை கேட்டது.

காவ்யா புத்தகத்தோடு துள்ளி எழுந்தாள். அணைத்துக்கொள்ள நான் கைகளை நீட்டினேன். என்னைத் தாண்டிக் கவுண்டருக்கு ஓடினாள்.

"வசந்தா மேடம்! நானே முழுசா படிச்சேன்!"

நூலக வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, கதையை நன்றாகச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்திப் புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுங்கள். கைதட்டல் உங்களுக்கு வராது. வயிறு எரியும். எனக்கு இன்னும் எரிகிறது.