தம்பி டேப்பரில் இருக்கிறான்

தம்பி பிறந்ததிலிருந்தே ஓடுகிறவன்தான். கணக்கு வகுப்பு வந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடினான். ரேடியோ ரிப்பேர் கடையில் சேர்த்துவிட்டார்கள். முதலாளி முறைத்தார் என்று அங்கிருந்தும் கம்பி நீட்டினான். அப்பா கடைசியாகப் படுத்தபோது மருந்து வாங்கப் போனவன், எல்லாம் முடிந்து மறுநாள் மத்தியானம் வந்து நின்றான். கையில் மருந்து இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். எப்படியோ லிஃப்ட் மெக்கானிக் வேலையில் மட்டும் ஒட்டிக்கொண்டான். ஊரார் படி ஏறாமல் இருக்க வழி செய்யும் தொழில் அவனுக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. இப்போது நாற்பது தாண்டிய பிறகு, அதே ஓட்டத்துக்கு ஒரு பனியனும் கண்ணைப் பறிக்கும் ஷூவும் வாங்கி மாட்டிக்கொண்டு மாரத்தான் என்கிறான்.

இதெல்லாம் அக்காவின் கணக்கு. அச்சகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பவள் அவள். எதைப் பார்த்தாலும் முதலில் பிழைதான் கண்ணில் படும், தம்பியைப் பார்த்தால் கேட்கவே வேண்டாம். ஆனாலும் இடுப்பில் தூக்கி வளர்த்த பாவத்துக்கு, தான் குடியிருக்கும் கட்டிடத்தின் லிஃப்ட் வேலையை அவனுக்குப் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான். ஒன்பதாவது மாடியில் தனியாக இருக்கிறாள். முட்டியில் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, லிஃப்ட் நின்றுவிட்டது.

பிசியோதெரபி அம்மா கறாராகச் சொல்லியிருந்தார். "இந்த மாசத்துக்குள்ள முட்டி மடங்கியாகணும். விட்டீங்கன்னா இறுகிடும். அப்புறம் காலம் பூரா காலை நீட்டிக்கிட்டுத்தான் உக்காரணும்." லிஃப்ட் நின்றதில் இரண்டு முறை போக முடியவில்லை. மடங்கத் தொடங்கியிருந்த கால் மறுபடியும் கட்டையாகிக்கொண்டு வந்தது. அக்காவுக்குப் பயம் பிடித்தது. தம்பிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நான் டேப்பர்ல இருக்கேன்."

"அது எந்த ஊர்லடா இருக்கு?"

"ஊர் இல்லக்கா. மாரத்தானுக்கு முன்னாடி ஓட்டத்தைக் குறைச்சுக்கணும். அப்பத்தான் கால் தெம்பா இருக்கும். ஞாயித்துக்கிழமை ஓட்டம்ல."

"கால் தெம்பாவே இருக்கட்டும். நீ கையை மட்டும் எடுத்துட்டு வா."

"மோட்டார் ரூம் மொட்டை மாடியில இருக்குக்கா. ரிலேன்னு ஒரு சுவிட்ச் போயிருக்கும், மாத்துறது அரை மணி நேர வேலைதான். ஆனா அவ்வளவு படி ஏறினா தொடை பிடிச்சுக்கும். திங்கக்கிழமை முத வேலை உன்னுதுதான்."

சரி, ஓய்வு என்றால் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தானா? அதுவும் இல்லை. ஓடாத நாளுக்குக் கிராஸ் ட்ரெய்னிங் என்று ஒன்று இருக்கிறதாம். காலையில் நீச்சல் குளமாம், சாயங்காலம் சைக்கிளாம், ராத்திரி பாயை விரித்துப் போட்டுக் கைகாலை முறுக்குவதாம். தம்பி மனைவி போனில் புலம்பினாள்: "தண்ணிக்குள்ள நின்ன இடத்துலயே ஓடுறாராம் அண்ணி. ஆனா வாசல்ல இருக்கிற தண்ணி கேனைத் தூக்கிட்டு வாங்கன்னா, டேப்பராம்." வேலை என்று வந்தால் டேப்பர், விளையாட்டு என்று வந்தால் ட்ரெய்னிங். இவனுக்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த விளையாட்டு என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

பிசியோதெரபி மூன்றாவது முறையும் தவறக் கூடாது. அன்று காலை தம்பியே போன் செய்தான்.

"அக்கா, கீழதான் நிக்கிறேன். சைக்கிள்ல இந்தப் பக்கம் வந்தேன். உன்னைப் பாத்துட்டுப் போலாம்னு."

"என்னைப் பாக்கணும்னா மேல வரணும்டா."

"ஒரு வீடியோ அனுப்புறேன், வீட்டுலயே பண்ணிக்கோ" என்றான். அனுப்பினான். அதில் மீசை அரும்பாத ஒருவன் ஒற்றைக் காலில் மேஜை மேல் தாவிக்கொண்டிருந்தான். அக்காவுக்கு வந்த ஆத்திரத்தில் கைத்தடியை எடுத்தாள், கதவைப் பூட்டினாள், படிக்கு வந்தாள்.

இறங்கும்போது நோகிற கால் முன்னால் போக வேண்டும், நல்ல கால் பின்னால். ஒரு கை கம்பியில், ஒரு கை தடியில். ஏழாவது மாடியிலேயே வியர்த்து ஊற்றியது. ஐந்தாவதில் படியிலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுது, மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். நாலாவதுக்கு வந்தபோது தடிச் சத்தம் கேட்டுத் தம்பி கீழிருந்து அண்ணாந்து பார்த்தான். இப்போதாவது ஓடி வருவான் என்று நினைத்தாள். அவன் கை தட்டினான்.

"சூப்பர்க்கா! விடாத! இன்னும் நாலு மாடிதான்! மூச்சை மூக்கால இழு!"

அக்கா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பிடிமானம் போய்விடும். கீழே வந்து காவலாளியின் நாற்காலியில் விழுந்தவளிடம் உப்புக் கரைத்த தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தான். "பரவால்லக்கா, நல்ல நேரத்துலதான் இறங்கியிருக்கே." நேரம் பார்த்திருக்கிறான், படுபாவி.

அவள் மூச்சு வாங்கி முடித்துச் சொன்னாள். "இறங்கிட்டேன். ஏற முடியாது. திங்கக்கிழமை வரைக்கும் உன் வீட்டுல இருக்கேன்டா. உங்க வீடு கீழ்த் தளம்தானே. முன் ரூம்ல ஒரு கட்டில் போதும்."

மிரட்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னாள். மூன்று வாரமாகச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தவளுக்கு அதைச் சொன்னதும் மனசு லேசானது. தம்பி மனைவியோடு உட்கார்ந்து இவன் தலையை உருட்டலாம். ராத்திரி பக்கத்து அறையில் ஆள் நடமாடும் சத்தம் கேட்கும்.

தம்பியின் முகம் சுருங்கியது. "எங்க வீட்லயா?" என்றான். பதிலுக்கு நிற்கவில்லை. காவலாளி அறையில் போட்டு வைத்திருந்த கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போனான். அந்த ஷூச் சத்தம் மொட்டை மாடிவரை ஓர் இடத்திலும் நிற்காமல் போனதை, வாடகைக் கார் வரும்வரை அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிசியோதெரபி அம்மா முட்டியை மடக்கியபோது உயிர் போய் வந்தது. ஆனால் மடங்கியது. இனி நாள் தவறாமல் வந்தால் போதும் என்றார் அந்த அம்மா. அக்கா திரும்பி வந்தபோது லிஃப்ட் கதவைத் திறந்துகொண்டு காத்திருந்தது. உள்ளே போய் ஒன்பதை அழுத்தும்போதே போன் அடித்தது.

"அக்கா, லிஃப்ட் நல்லா ஓடுதா?"

"ஓடுதுடா."

"அப்ப நீ இங்க வரலைல்ல?"

"வரலை."

அவன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது போனில் தெளிவாகக் கேட்டது.