சேவலுக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே கால்

என் வீட்டுக்காரரின் இடது காலைக் காப்பாற்றியது ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கொடுத்த அயோடின் என்று நான் சொல்வேன். கோயில் புனிதர்தான் என்று என் மாமியார் சொல்வார். ஜப்பான்காரன் வருவதற்குப் பல வருஷங்களுக்கு முன், டத்தோ கிராமாட்டில் ஓர் அத்தாப்புக் கூரை வீட்டில் நாங்கள் மூவரும் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். மாமனார் பத்து காவான் என்ற ஊரில் தோட்ட வேலை பார்த்து இறந்தவர். எதனால் என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

வீட்டுக்காரர் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. கிடங்கில் துருப்பிடித்த ஆணியை மிதித்துவிட்டார். கால் வீங்கி, ஒரு வாரம் காய்ச்சலில் பிதற்றினார். மாமியார் புனிதருக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டார். வீக்கம் வடிந்தது, காயம் ஆறியது. சேவலைத் திருவிழா அன்று கோயிலில் கொண்டுபோய் விடவேண்டும், அவ்வளவுதான்.

சேவல் நல்ல செவலை. புனிதரின் சொத்து என்பதால் அதை யாரும் விரட்டக் கூடாது. அரிசிச் சுளகில் ஏறி மேயும். ராத்திரி சமையலறைக் கூரையில் படுத்து, காலையில் அங்கிருந்து நேரே லோங்காங் சாக்கடையின் சிமெண்டுக் கரையில் தொப்பென்று குதிக்கும். தினமும் அப்படிக் குதித்தால் பாதம் என்னத்துக்கு ஆகும்? திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அது நொண்ட ஆரம்பித்தது. அதுவும் இடது கால்.

மாமியார் நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "பாத்தியா? எம்மவன் கால்ல இருந்து எறங்கி அது கால்ல ஏறிருச்சு. நொண்டிச் சேவலக் கொண்டுபோய்க் கொடுத்தா, அவரு நொண்டிக் காலத்தான் திருப்பிக் கொடுப்பாரு."

இதைச் சாய்வு நாற்காலியில் இருந்த வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள் வரை வாசலுக்கு நடந்துபோய் வம்பு பேசிக்கொண்டிருந்த மனுஷர், அன்று சாயங்காலம் சுவரைப் பிடித்து நடந்தார். சேவல் இரண்டு அடி நொண்டினால் இவர் நாலு அடி நொண்டினார்.

ஆபீசிலிருந்து பெரிய கிராணி ஆள் அனுப்பினார். திருவிழா முடிந்த திங்கட்கிழமை வேலைக்கு வராவிட்டால் இவருடைய ஆபீஸ் நாற்காலியில் வேறு ஆள் உட்காருவான் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று பேர் சோறு ஒரு கோழியின் உள்ளங்காலில் மாட்டிக்கொண்டிருக்கிறது! புனிதருக்கு ஆயிரம் ஜோலி இருக்கும் என்று நானே சேவலைப் பிடித்தேன்.

ஜெலுத்தோங்கில் என் அம்மா வீட்டுக் கோழிகளுக்கு இந்த ஆணிக்கால் வந்து பார்த்திருக்கிறேன். மாமியார் சேவலைச் சாரத்தில் சுற்றி, முகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அது கத்தக் கத்த ஜெபம் சொன்னார். பாதத்தைப் புரட்டினால் நடுவே கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் வீக்கம், தொட்டால் சூடு. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்தேன். மூன்றாம் நாள் பொருக்கு இளகியது. கொதிநீரில் போட்ட ஊசியால் அதைக் கிளப்பிவிட்டு அழுத்தினேன். சீழ் ஒழுகவில்லை; வேகவைத்த கடலை போல மஞ்சளாக ஒரு கட்டி முழுசாக வெளியே வந்தது. குழியில் அயோடின் விட்டேன்.

"அது என் மருந்துலா!" என்று நாற்காலியிலிருந்து சத்தம் வந்தது.

"ரெண்டு பேருக்கும் ஒரே காலுன்னுதானே சொல்றீங்க? அப்ப ஒரே மருந்து போதும்" என்றேன்.

தேங்காயெண்ணெயில் குழைத்த மஞ்சளைப் பூசி, அவருடைய பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுப் போட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! கூரைக்கு ஏறாதபடி சேவலை ஒரு பெட்டியில் மரத்தூள் பரப்பி அடைத்தேன். தினமும் கட்டை அவிழ்த்து, கழுவி, புதுத் துணி கட்டினேன். பத்து நாளில் வீக்கம் வற்றியது. அடுத்த வாரம் குழியில் புதுத்தோல் மூடி, சேவல் பெட்டிக்குள் நேராக நடந்தது.

இவர் நடக்கவில்லை. "உள்ளுக்குள்ள இருக்கும்" என்றார். சோம்பேறித்தனத்துக்கு உள் என்ன வெளி என்ன என்று நான் முணுமுணுத்தேன்.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை காலை, சேவலைக் குளிப்பாட்டப் பெட்டியைத் திறந்தேன். என் தோளில் ஒரு மிதி, வேலியில் ஒரு மிதி, லோங்காங்கைத் தாண்டித் தெருவில் ஓடியது.

"ஐயோ, எம்மவன் காலு போவுதே!" என்று மாமியார் அலறினார்.

சாய்வு நாற்காலி காலியாக இருந்தது. என் வீட்டுக்காரர் சாரத்தை மடித்துக் கட்டி, செருப்பில்லாமல், ரிக்‌ஷாவுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். சேவல் பாயின் சோற்றுக்கடைக்குள் புகுந்தது. இவரும் புகுந்தார். உள்ளே தட்டுகள் உருளும் சத்தம் கேட்டது. சேவலை நெஞ்சோடு அணைத்து வெளியே வந்தவர், வீட்டு வாசலில் நின்ற எங்களைப் பார்த்ததும் ஞாபகம் வந்து நொண்ட ஆரம்பித்தார். வலது காலை.

"எடது காலுங்க" என்றேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மாமியார் சிரிக்கவில்லை. சேவலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "சிரிக்காத புள்ள. எங்கப்பா கால்ல மண்வெட்டி பட்டுச்சு. ஆறிப்போச்சுன்னுதான் வேலைக்குப் போனாரு. மூணாம் நாள் தூக்கிட்டு வந்தாங்க."

மூன்று வாரமாகச் சோம்பேறி என்று நான் திட்டிய மனுஷர் பயந்து போயிருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலை மடியில் எடுத்து, சேவலுக்கு வைத்திருந்த துணியால் சேற்றைத் துடைத்தேன். பழைய தழும்பு அப்படியே மூடியிருந்தது.

"பாருங்க. இவ்வளவு ஓடியும் ஒண்ணும் ஆகல."

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

அன்று சேவல் கோயில் முற்றத்தில் ஜம்மென்று நடந்தது. உபதேசியார் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். மறுநாள் இவர் சப்பாத்துப் போட்டு வேலைக்குக் கிளம்பினார். நான் அடுப்பைக்கூடக் கவனிக்காமல் நின்றேன். மூன்றாம் நாள் என்ற சொல் காதிலேயே இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் தெருமுனையில் அவர் தலை தெரிந்தது, குடையை ஆட்டிக்கொண்டு நேராக நடந்து வந்தார். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த வாரம் ஜெலுத்தோங் போய் ஒரு குஞ்சு வாங்கி வந்தேன். அவர் வேலைக்குக் கிளம்பிய அந்தத் திங்கட்கிழமை காலை, தெருமுனையில் அவர் தலை மறைந்ததும், சமையலறையில் நின்று புனிதரிடம் நான் நேர்ந்துகொண்டது அது. யாரிடமும் சொல்லவில்லை.

"எதுக்கும்மா இது?" என்றார் மாமியார்.

"முட்டைக்கு அத்தை."

அவர் குஞ்சைக் கையில் வாங்கி, முளைத்துவந்த சேவல் கொண்டையை விரலால் தடவிப் பார்த்தார். "சரிம்மா, முட்டைக்குத்தான்" என்று சொல்லி, மரத்தூள் பெட்டியை எடுத்து வந்தார்.