பதினொரு மணிப் பசி

எழுபத்திரண்டாம் வருஷம். என் மகளுக்கு நாற்பது நாள். எடை ஏறவே இல்லை. இந்த வாரமும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தவறு எங்கே என்று எனக்குப் புரியவில்லை. புத்தகத்தில் போட்டிருந்தபடி மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம், நிமிடம் பிசகாமல் பால் கொடுத்துவந்தேன்.

மயிலாப்பூரில் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் இடத்தில் பெஞ்சில் காத்திருந்தேன். மணி பத்தேகால். மகள் தலையைத் திருப்பித் திருப்பி முஷ்டியைச் சப்பினாள். நான் வாட்சைப் பார்த்தேன். பக்கத்தில் பட்டினப்பாக்கத்துப் பெண் ஒருத்தி, கைக்குழந்தையோடு. என் வயதுதான் இருக்கும்.

"இன்னாம்மா, புள்ள எவ்ளோ நேரமா கேட்டுக்கினு கீது, நீ குடுக்காம குந்தினு கீறியே?"

"அழவே இல்லையே. பதினொரு மணிக்குத்தான் கொடுக்கணும்."

"பசி புள்ளைக்கா, வாட்சுக்கா? வாயைப் பாரு, கையைப் பாரு. அழுவுற வரைக்கும் வுட்டீன்னா, அழுது சோந்துபோயி தூங்கிடும்."

எனக்குச் சுரீரென்றது. அப்படித் தூங்கிப்போன பிற்பகல்களில் எல்லாம், "என் சமர்த்து" என்று கொஞ்சியிருக்கிறேன்.

அவள் தன் முந்தானையை விரித்து எங்களை மறைத்துப் பிடித்தாள்; பதினொரு மணிக்குக் காத்திராமல் மகளை மார்போடு சேர்த்தேன். குடிக்கக் குடிக்க, இறுகியிருந்த அந்த முஷ்டி ஒவ்வொரு விரலாகத் தளர்ந்து, என் மார்மேல் விரிந்து கிடந்தது. கைக்குழந்தையின் கை எப்போதும் மூடியேதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

டாக்டரிடம் உண்மையைச் சொல்லி ஒரு வாரம் கேட்டு வாங்கினேன். அடுத்த வாரம் தராசு முள் நகர்ந்தது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த முள் அல்ல. நாற்பது நாளில் அந்தப் பெஞ்சில்தான் முதல் தடவையாக, தானாகத் திறந்த என் மகளின் உள்ளங்கையைப் பார்த்தேன்.