மஹருக்கு ஓர் அறை

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: அவளுடைய மூத்த சகோதரர், காக்கா. அவளுடைய மகள். மகளின் புருஷன். என் மகள். நான். கதவுக்குப் பின்னால் அவள்.

கலியாணம் பேச வந்திருந்தோம். மாப்பிள்ளை நான்தான். வயது ஐம்பத்தெட்டு.

பத்தாம் வகுப்பு வரை அவளும் நானும் ஒரே வகுப்பு. அவள் படித்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரங்களில் அவர்கள் வீட்டு ஜன்னலடியால் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போவேன். அவள் எட்டிப் பார்ப்பாள். சோதனை நெருங்கும்போது அவளுடைய காக்கா அந்த ஜன்னலுக்குப் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார். பிறகு அவளுக்கு ஓரிடத்தில் கலியாணம் முடிந்தது. எனக்கு வேறிடத்தில் முடிந்தது. இப்போது அவளுடைய புருஷனும் மௌத்து, என் மனைவியும் மௌத்து.

நான் மேசன். போன வருடம் அவளுடைய மகளின் வீட்டுக்கு டைல்ஸ் பதிக்கப் போனேன். அவள்தான் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள்.

"சீனி போடல்ல. சுகர் இரிக்குமெண்டு நினைச்சன்."

"இரிக்கு. உனக்கு?"

"எனக்கும் இரிக்கு."

குசினி மட்டும்தான் வேலை. அதை நோன்பு வரை இழுத்தேன். அப்படித்தான் இந்தக் கதை கூடத்துக்கு வந்தது.

காக்கா தாடியைத் தடவினார். "எல்லாம் சரி. காவின் எழுதிக் கலியாணம் முடிச்சு ரெண்டு பேரும் எங்க இருக்கப் போறீங்க?"

எங்கள் ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை போய் அதில் இருப்பான். அவள் தன் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிவிட்டாள். நான் இருந்த வீடு என் மனைவியுடையது. அதையும் என் மகளுக்கு எழுதியாயிற்று. இரண்டு பேரும் மகள்மாருடைய வீட்டில்தான் படுக்கிறோம்.

"மேசன் மாமா இஞ்சயே வரட்டும்," என்றாள் அவளுடைய மகள். அவளுடைய மருமகனுக்கு இருமல் வந்தது.

"அவங்க எங்கட ஊட்டுக்கு வரட்டுமே," என்றாள் என் மகள்.

"மாப்பிள்ள ஊட்டுக்குப் பொண்ணு போறதா? எங்க கண்ட பழக்கம் புள்ள?" காக்கா எழும்பப் பார்த்தார்.

அவர் எழும்பினால் எல்லாம் முடிந்தது. வாப்பா இல்லாத பெண்ணுக்குப் பொறுப்பாளியான வொலி அவர்தான். ஆணி அடித்த அந்தக் கை என் கையைப் பிடித்து, உனக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று சொன்னால்தான் அவள் எனக்கு.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அவள் கேட்டாள்.

"காக்கா, மாப்பிள்ள தார மஹர் என்னெண்டு கேக்கிறது நான்தானே?"

"ஓம். எத்தின பவுண் வேணும்?"

"பவுண் வேணாம். ஊடு வேணும்."

"என்ன கதை இது? மாப்பிள்ளையா ஊடு குடுக்கிற?"

"ஒருக்கா ஊடு குடுத்து மாப்பிள்ள எடுத்தாச்சு. இந்த முறை மாப்பிள்ள குடுக்கட்டும். மேசன்தானே, சும்மாவா இரிக்காரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உம்மா வழியில் எனக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு துண்டு வளவு கிடந்தது. அடுத்த வீட்டார் ஆடு கட்டும் இடம்.

"ஊடு ஏலாது," என்றேன். "அறை ஒண்டு கட்டலாம்."

"கக்கூஸ்?"

"ஒண்டு."

"ஜன்னல்?"

"ஒண்டு போதும். கடல் காத்து வரும்."

"ரெண்டு வேணும். ஒண்டுக்குப் பலகை அடிச்சாலும் மத்தது இரிக்கும்."

மருமகன் சிரித்துவிட்டார். காக்கா கூரையைப் பார்த்தார்.

"இவன்ட மணிச் சத்தத்தில வாப்பா பகல் நித்திரையே கொள்ளல்ல," என்றார். ஆனால் எழும்பவில்லை.

நானே கட்டினேன். காக்கா கதிரை போட்டு இருந்து பார்த்தார். கல் ஒன்று தூக்கித் தரவில்லை. ஜன்னல் நிலை வைத்த அன்று மட்டும் வந்து ஒரு பக்கம் பிடித்தார். சரிவாக இருக்கிறது என்றார். நேராகத்தான் இருந்தது.

காவின் அன்று பள்ளிவாசலில் என் கையைப் பிடித்தார். எலும்பு நோகும்படி பிடித்தார். மஹரைச் சொல்லும் இடத்தில் நின்றுவிட்டார்.

"சொல்லுங்க ஹாஜியார்," என்றார் மௌலவி.

சபை பார்த்துக்கொண்டிருந்தது. காக்கா என் முகத்தைப் பார்க்காமல், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

அறை ஒன்று. கக்கூஸ் ஒன்று. ஜன்னல் இரண்டு.