எலுமிச்சம்பழம் கட்டிய வெள்ளைக் கார்

இன்று மதியம் கோவில்பட்டி பைபாஸில், பழைய கார் விற்கும் ஒரு அண்ணாச்சியிடம் வண்டி பார்க்கப் போனேன்.

வெள்ளைக் கார். முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் புதிதாகத் தொங்கின.

வண்டியின் சேஸிஸ் நம்பரைப் போனில், கம்பெனி வெப்சைட்டில் போட்டுப் பார்த்தேன். மோதினால் உப்பி ஆளைக் காப்பாற்றும் ஏர்பேக்கில் கோளாறு, கொண்டு வந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கம்பெனியே சொல்லியிருக்கிறது. இந்த வண்டிக்கு இன்னும் மாற்றவில்லை.

“ஏன் கொண்டு போகல அண்ணாச்சி?”

“கொண்டு போனா கோளாறு வண்டின்னு பேராயிரும் தம்பி. பெறவு எவன் வாங்குவான்? நல்ல வண்டியா இருக்கப் போய்தான கம்பெனிக்காரன் திரும்பக் கூப்பிடுதான்!”

“எங்கயாவது மோதுனா அந்த ஏர்பேக்கே மூஞ்சில வெடிக்குமாமே?”

“மோதாம ஓட்டுங்க. அதுக்குத்தான பழம் கட்டியிருக்கு.”

பக்கத்தில் அதே மாடலில் ஒரு சிவப்புக் கார் நின்றது. அதுவும் விற்பனைக்கா என்று கேட்டேன்.

“அது நம்ம வீட்டு வண்டில்லா. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போறது. அதுக்குப் போன மாசமே ஏர்பேக்க மாத்தியாச்சு.”

கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவர் வீட்டுப் பிள்ளைக்கு ஏர்பேக். ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு எலுமிச்சம்பழம்.

பழைய கார் வாங்கியவர்களே, உங்கள் வண்டியில் இருப்பது எது? பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.